ஃப்ரீக்வென்சி 231: ஒரே கருவியை இரண்டு புரோகிராம்கள் கேட்டால் என்ன ஆகும்?

ஒரு சின்ன லேத் பட்டறையின் மின்சார மீட்டரைப் படிக்க, லினக்ஸில் ஓடும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தேன். மீட்டரிலிருந்து இரண்டு கம்பி, அதை யுஎஸ்பி ஆக்கும் ஒரு கன்வெர்ட்டர், அவ்வளவுதான். முதலில் ஓடியது ஒரே புரோகிராம். ஐந்து நொடிக்கு ஒரு தடவை வோல்டேஜைக் கேட்டு ஃபைலில் எழுதிவைக்கும். மாதக்கணக்கில் ஒரு புகாரும் இல்லை. பிறகு பட்டறைக்காரர் சுவரில் ஒரு திரை வேண்டும் என்றார். அதற்குத் தனியாக இன்னொரு புரோகிராம் எழுதினேன். அது நொடிக்கு ஒரு தடவை ஃப்ரீக்வென்சியைக் கேட்டுத் திரையில் காட்டும்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, ஃப்ரீக்வென்சி 231ன்னு காட்டுது. எலக்ட்ரீஷியன் பாத்துட்டு சிரிக்கிறாரு."

நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். 231 என்பது வோல்டேஜ். நான் போய்ப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி 231. மீட்டரைச் சந்தேகப்பட்டேன், கம்பியை மாற்றினேன், எர்த் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கப் போனது. கோளாறு கம்பியில் இல்லை. இரண்டு புரோகிராம்களும் ஒரே போர்ட்டை, அதாவது அந்தக் கன்வெர்ட்டரின் வாசலை, திறந்து வைத்திருந்தன, அதுதான் கோளாறு.

கருவி ஒன்று, கேட்பவர் பலர். கம்ப்யூட்டர் உலகில் இது பழைய தலைவலி. பிரிண்டர், கேமரா, ஸ்பீக்கர், சென்சார் என்று எதை எடுத்தாலும் எங்கோ ஓரிடத்தில் இது வந்து நிற்கும். என் மீட்டரை வைத்தே விளக்குகிறேன்.

கம்பியில் நடந்தது என்ன

மீட்டரோடு பேசும் முறைக்கு மோட்பஸ் என்று பெயர். 1979இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்தது, இன்றும் தொழிற்சாலைகளில் எங்கும் இருக்கிறது. இதில் ஒருவர் கேட்பார், கருவி பதில் சொல்லும். கேள்வி 8 பைட்: "ஒன்றாம் எண் கருவியே, இந்த எண்ணுள்ள பெட்டியிலிருந்து இரண்டு பெட்டி மதிப்பைக் கொடு." பதில் 9 பைட்: "நான் ஒன்றாம் எண் கருவி, இதோ நான்கு பைட் மதிப்பு." கடைசி இரண்டு பைட், வழியில் எதுவும் சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்.

பதிலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எந்தப் பெட்டியின் மதிப்பு என்று அதில் சொல்லவே இல்லை. வோல்டேஜுக்கான பதிலும் ஃப்ரீக்வென்சிக்கான பதிலும் பார்வைக்கு ஒரே அச்சு. கேட்டவனுக்குத் தான் கேட்டது தெரியும், அது போதும் என்று விட்டுவிட்டார்கள். கேட்பவர் ஒரே ஒருவர்தான் என்பது மோட்பஸின் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் நான் உடைத்தேன்.

முதல் புரோகிராம் வோல்டேஜ் கேட்கிறது. மீட்டர் பதிலைத் தயாரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது புரோகிராம் ஃப்ரீக்வென்சி கேட்கிறது. மீட்டர் அந்த நேரத்தில் வேறு வேலையாக இருப்பதால் இரண்டாவது கேள்வி காற்றோடு போகிறது. ஆனால் அதைக் கேட்ட புரோகிராம் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. முதல் கேள்விக்கான பதில் வந்ததும் யார் முந்திக்கொண்டு படிக்கிறாரோ அவருக்குப் போகிறது. இரண்டாவது புரோகிராம் முந்தினால் 231.4 என்று படிக்கும், சரிபார்ப்பு எண்ணும் ஒத்துப்போகும், ஃப்ரீக்வென்சி என்று திரையில் போட்டுவிடும். முதல் புரோகிராமோ பதில் வரவில்லை என்று எழுதிவைக்கும்.

பாதி பைட்டுகள் ஒருவருக்கும் மீதி இன்னொருவருக்கும் போவதும் உண்டு. அப்போது சரிபார்ப்பு எண் ஒத்துவராது, பிழை என்று தெரிந்துவிடும். அதெல்லாம் நல்ல நேரம். முழுப் பதில் தவறான ஆளிடம் போய்ச் சேருவதுதான் ஆபத்து, ஏனென்றால் யாருமே பிழை என்று சொல்ல மாட்டார்கள்.

எப்போதாவது மட்டும் வருவதற்கும் கணக்கு இருக்கிறது. 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பைட் போக ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். கேள்வி, பதில், மீட்டர் யோசிக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் சில பத்து மில்லிநொடிகள். ஒரு நொடியில் மிச்ச நேரமெல்லாம் கம்பி சும்மாதான் கிடக்கிறது. இரண்டு புரோகிராம்களின் நேரமும் மெல்ல நகர்ந்து நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது மட்டும் சில நிமிடங்களுக்குத் தவறுகள் கொத்தாக வரும், பிறகு மணிக்கணக்கில் அமைதி. சோதித்துப் பார்க்கும்போது வராமல், நாம் கிளம்பிய பிறகு வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான்.

இதை லினக்ஸ் ஏன் தடுக்கவில்லை?

லினக்ஸில் கருவியும் ஒரு ஃபைல். என் கன்வெர்ட்டரின் பெயர் டிடிஒய்யுஎஸ்பி0. ஒரு ஃபைலை இரண்டு புரோகிராம்கள் திறக்கலாம் என்றால் இதையும் திறக்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருந்து கருவியோடு பேசும் டிரைவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஒரு பைட்டும் தொலையாது, ஒரு பைட்டும் இரண்டு தடவை வராது. ஆனால் எந்த 8 பைட் ஒரு கேள்வி, எந்த 9 பைட் அதன் பதில் என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டில் பேரலல் லைன் போட்ட பழைய லேண்ட்லைன் நினைவிருக்கிறதா? கீழே ஒருவர் பேசும்போது மாடியில் இன்னொருவர் ரிசீவரை எடுத்தால் இரண்டு பேருக்கும் முழுப் பேச்சும் கேட்கும். என் கன்வெர்ட்டர் போல பைட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும் சீரியல் போர்ட் அதைவிட மோசம். இங்கே ஒவ்வொரு எழுத்தும் யாரோ ஒருவர் காதில்தான் விழும், மற்றவருக்கு அது வந்ததே தெரியாது. போதாக்குறைக்கு, வேகம் போன்ற அமைப்புகளும் பொதுச் சொத்து. ஒருவர் 9600 என்று வைத்துவிட்டுப் போக, இன்னொருவர் வந்து 19200 ஆக்கினால் முதலாமவருக்கும் அதுதான்.

விண்டோஸ் இதில் கறார். சீரியல் போர்ட்டுக்கு அங்கே காம் போர்ட் என்று பெயர். அதைப் பகிர்ந்து திறக்க முடியாது, இரண்டாவதாக வருபவருக்கு "அனுமதி இல்லை" என்று ஐந்தாம் எண் பிழைதான் கிடைக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு வருகிறவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நம்பி மாட்டிக்கொள்கிறார்கள்.

சும்மா திறந்து பார்த்தேன், எதுவும் அனுப்பவில்லையே என்றும் சொல்ல முடியாது. அர்டுவினோ ஊனோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் போர்ட்டைத் திறந்தாலே டிடிஆர் என்ற கம்பி அசையும், பலகை ரீசெட் ஆகும். மோடம்மேனேஜர் என்று லினக்ஸில் ஒரு சேவை உண்டு. புதிதாக ஒரு சீரியல் கருவியைச் செருகினால் மோடமாக இருக்குமோ என்று திறந்து விசாரித்துப் பார்க்கும். செருகியவுடன் அர்டுவினோ பத்து இருபது நொடிக்கு ஒத்துழைக்கவில்லை என்று புலம்பியவர்கள் பலர், நானும் ஒருவன்.

ஒரே தடம், ஒரே டோக்கன்

ஒற்றைத் தட ரயில் பாதையில் டோக்கன் முறை என்று ஒன்று இருந்தது, சில இடங்களில் இன்றும் இருக்கிறது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை அந்தத் தடத்துக்குள் எடுக்கக் கூடாது. புரோகிராமர்கள் லாக் என்று சொல்வது இதைத்தான். கம்ப்யூட்டரில் இந்தச் சிக்கலை 1965இல் முறையாக எழுதித் தீர்வு காட்டியவர் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் தன் கருவிக்கு வைத்த பெயரும் ரயிலிலிருந்து வந்ததே: செமஃபோர், நம் ஊர்க் கைகாட்டி.

லாக் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு ஃபைல். "பூட்டு என்ற ஃபைல் இருக்கிறதா? இல்லை. சரி, உருவாக்கு, உள்ளே போ." இது வேலை செய்யாது. இரண்டு புரோகிராம்களும் ஒரே கணத்தில் பார்த்து, இரண்டுமே இல்லை என்று கண்டு, இரண்டுமே உருவாக்கிவிட்டு உள்ளே போகும். பார்ப்பதும் எடுப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டும். "இல்லாவிட்டால் உருவாக்கு, இருந்தால் தோல்வி என்று சொல்" என்று ஒரே மூச்சில் கேட்க லினக்ஸில் வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

சீரியல் போர்ட்டுகளுக்கென்றே இப்படி ஒரு பழைய வழக்கம் உண்டு. போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பரிமாறிக்கொண்ட யுயுசிபி காலத்தில் வந்தது. எல்சிகே, இரண்டு புள்ளி, பிறகு போர்ட்டின் பெயர் என்று ஒரு ஃபைல், அதற்குள் பத்து எழுத்து அகலத்தில் புரோகிராமின் செயல் எண், அதாவது ஓடும் புரோகிராமுக்கு லினக்ஸ் தரும் எண். சீரியல் போர்ட்டோடு பேச உதவும் மினிகாம் என்ற புரோகிராம் இன்றும் இப்படி ஃபைல் வைக்கும். இதில் ஒரே தொல்லை, ஃபைல் வைத்த புரோகிராம் பாதியில் செத்துப்போனால் பூட்டு அப்படியே கிடக்கும். அடுத்து வருபவர் அந்தச் செயல் எண் உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்து, இல்லையென்றால் பூட்டை உடைக்க வேண்டும். அதே எண் இதற்குள் வேறு புரோகிராமுக்குப் போயிருந்தால் அதுவும் ஏமாற்றும்.

ஃபிளாக் (flock) என்ற முறை இதைவிட நல்லது. பூட்டைக் கர்னலே கையில் வைத்திருக்கும், புரோகிராம் செத்தால் தானாக விடுபடும். நான் எப்போதும் இதைத்தான் எடுக்கிறேன். பைத்தான் மொழியில் பைசீரியல் என்ற நூலகத்தை வைத்து எழுதுகிறவர்கள் போர்ட்டைத் திறக்கும்போது எக்ஸ்குளூசிவ் என்பதை ட்ரூ என்று கொடுத்தால் லினக்ஸில் உள்ளுக்குள் நடப்பது இதுதான். கொடுக்காவிட்டால் ஒரு பூட்டும் இல்லை.

டோக்கன் இல்லாத வண்டியைத் தண்டவாளம் தடுப்பதில்லை, விதிதான் தடுக்கிறது. ஃபிளாக்கும் அப்படியே. பூட்டைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எல்லாப் புரோகிராம்களும் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு. கேட்காமலே நுழையும் புரோகிராமை அது ஒன்றும் செய்யாது. ஒருவர் எல்சிகே ஃபைல் பார்க்கிறார், இன்னொருவர் ஃபிளாக் பார்க்கிறார் என்றால் இரண்டு பேரும் பூட்டிவிட்டு இரண்டு பேரும் உள்ளே இருப்பார்கள்.

நிஜமாகக் கதவை அடைக்க வேண்டுமென்றால் டிஐஓசிஈஎக்ஸ்சிஎல் என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது. போர்ட்டைத் திறந்தவுடன் இதைக் கொடுத்தால் அதன் பிறகு யார் திறக்க வந்தாலும் "கருவி வேலையாக இருக்கிறது" என்று கர்னலே திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை வெளியேற்றாது. கட்டளைக்கு முன்னால் சூடோ என்று போட்டு, ரூட் என்ற முழு அதிகாரத்தோடு வருபவரையும் தடுக்காது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பூட்டை எவ்வளவு நேரம் பிடித்திருப்பது

பூட்டைச் சரியாக எடுத்துவிட்டு, தவறான இடத்தில் விடுகிறவர்கள் அதிகம். எழுதும்போது பூட்டி, விட்டு, படிக்கும்போது மறுபடி பூட்டினால் என் மீட்டர் கதையில் எதுவும் மாறாது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். பூட்டு காக்க வேண்டியது ஒரு முழு உரையாடலை. மோட்பஸில் அது இப்படிப் போகும்: பூட்டை எடு; முன்னால் யாரோ கேட்டுத் தாமதமாக வந்த பதில் ஏதாவது தேங்கிக் கிடந்தால் அதைக் கொட்டிவிடு; கேள்வியை அனுப்பு; முழுப் பதில் வரும்வரை அல்லது கெடு முடியும்வரை காத்திரு; மூன்றரை எழுத்து நேரம், அதாவது 9600 பாட்டில் ஏறத்தாழ 4 மில்லிநொடி சும்மா இரு; பூட்டை விடு. கொட்டிவிடும் அந்தப் படியை விட்டவர்களுக்குப் பழைய பதில் புதிய கேள்விக்கு வந்து சேரும், பூட்டு இருந்தும் ஃப்ரீக்வென்சி 231 ஆகும்.

அதே சமயம் தேவைக்கு மேல் ஒரு கணமும் பிடிக்கக் கூடாது. பூட்டை வைத்துக்கொண்டே டேட்டாபேஸில் எழுதப் போனால், நெட்வொர்க் மந்தமான அன்று எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

பிடித்திருக்கும் நேரம் எவ்வளவு தூரம் போய்த் தாக்கும் என்பதற்கு 1997இல் செவ்வாயிலிருந்தே உதாரணம் வந்தது. ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர், சில நாட்களில் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ள ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் வேலை முன்னுரிமை குறைந்தது. அது ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. அதே பூட்டுக்காக, தகவல்களைப் பகிர்ந்தளிக்கும் முன்னுரிமை மிகுந்த வேலை காத்திருந்தது. சின்ன வேலை முடித்துவிட்டுப் பூட்டை விடலாம் என்றால், நடுத்தர முன்னுரிமை வேலைகள் குறுக்கே வந்து அதை ஓடவே விடவில்லை. பெரிய வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் நிரல், ஏதோ கெட்டுவிட்டது என்று ரீசெட் செய்தது. பூமியில் இருந்த மாதிரிக் கருவியில் அதே நிலையை வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். பூட்டைப் பிடித்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி அந்த இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கெனவே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இங்கிருந்தே அதை இயக்கிவிட்டார்கள்.

கருவிக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்

பூட்டு பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்வது விநோதம்தான்: பட்டறையில் நான் கடைசியில் பூட்டை நம்பவில்லை. போர்ட்டைத் தொடும் உரிமையை ஒரே புரோகிராமுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அதனிடம் கேட்கட்டும் என்று மாற்றினேன். தபால் ஆபீஸ் கவுண்டர் மாதிரி. உள்ளே இருக்கும் பெட்டியில் யாரும் கை வைப்பதில்லை.

நாம் தினமும் பயன்படுத்தும் கருவிகள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன, கவனிப்பதில்லை. ஆனால் சொந்தக்காரர் செய்யும் வேலை கருவிக்குக் கருவி மாறும். பிரிண்டர் வரிசையில் நிறுத்த வேண்டிய கருவி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் ஒருவர் பக்கத்தின் நடுவில் இன்னொருவர் பக்கம் வராததற்குக் காரணம், லினக்ஸிலும் மேக்கிலும் கப்ஸ் என்ற சேவை எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி ஒவ்வொன்றாக அனுப்புவதுதான். ஸ்பீக்கர் கலக்கக்கூடிய கருவி. பழைய லினக்ஸில் பாட்டு ஓடினால் இன்னொரு புரோகிராமிலிருந்து சத்தமே வராது. பிறகு பல்ஸ்ஆடியோவும் இப்போது பைப்வயரும் சொந்தக்காரராக உட்கார்ந்து எல்லாச் சத்தத்தையும் கலந்து ஒன்றாக அனுப்புகின்றன. ஜிபிஎஸ் நகலெடுக்கக்கூடிய கருவி. அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், கேள்வியே வேண்டாம். ஜிபிஎஸ்டி என்ற சேவை அதைக் கேட்டு, நெட்வொர்க்கில் 2947ஆம் எண் வாசலில் (அதற்கும் போர்ட் என்றே பெயர்) வந்து நிற்கும் எல்லோருக்கும் நகல் கொடுக்கும். வெப்கேமுக்கு இப்படி ஒருவரும் நடுவில் இல்லையென்றால் ஒரு மீட்டிங் செயலியில் வீடியோ ஓடும்போது இன்னொன்று கேமரா கிடைக்கவில்லை என்று சொல்லும்.

மீட்டரில் படிக்கும் மதிப்புகளும் நகலெடுக்கக்கூடியவையே. ஆகவே சொந்தக்காரப் புரோகிராம் நொடிக்கு ஒரு தடவை எல்லா மதிப்புகளையும் வரிசையாகப் படித்து, படித்த நேரத்தோடு சேர்த்து எம்க்யூடிடி வழியாக வெளியிடுகிறது. ஒருவர் வெளியிட, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளும் செய்தி முறை அது. திரையும் ஃபைலும் அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. நேரத்தைச் சேர்ப்பது முக்கியம். சொந்தக்காரர் செத்துப்போனால் கடைசி எண் திரையில் அப்படியே நிற்கும், பார்ப்பவர் அது இப்போதைய எண் என்று நம்புவார். பத்து நொடிக்கு மேல் பழசானால் திரை கோடு போட வேண்டும்.

புதிதாக எதுவும் எழுத வேண்டாம், மோட்பஸ் மட்டுமே பேசத் தெரிந்த புரோகிராம்கள் இருக்கின்றன என்றால் எம்பஸ்டி என்ற திறமூலச் சேவை போதும். அது சீரியல் போர்ட்டைத் தான் வைத்துக்கொண்டு, வெளியே நெட்வொர்க்கில் 502ஆம் போர்ட்டில் மோட்பஸ் டிசிபி, அதாவது மோட்பஸின் நெட்வொர்க் வடிவம், பேசும். இந்த டிசிபி வடிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பைட்டில் ஒரு அடையாள எண் உண்டு, பதிலில் அதே எண் திரும்பி வரும். கம்பி வடிவத்தில் இல்லாமல் என்னை ஒரு நாள் அலையவிட்டது இதுதான்.

ஒன்றை மட்டும் எந்தப் பூட்டும் எந்தச் சொந்தக்காரரும் தீர்க்க மாட்டார்கள். படிப்பதோடு நிற்காமல் கருவிக்கு உத்தரவும் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு புரோகிராம் மோட்டாரைப் போடு என்கிறது, இன்னொன்று நிறுத்து என்கிறது. வரிசை முறை இரண்டையும் மரியாதையாக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். மோட்டார் நொடிக்கு ஒரு தடவை ஓடி ஓடி நிற்கும். ஒரு பிழையும் பதிவாகாது, மோட்டாருக்கு மின்சாரம் விட்டு நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டர் மட்டும் கருகும். யார் சொல் எடுபட வேண்டும், ஒரு தடவை நிறுத்தினால் எத்தனை நிமிடம் போடக் கூடாது என்பதையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து முடிவெடுத்து அந்தச் சொந்தக்காரப் புரோகிராமுக்குள் எழுத வேண்டும். அதற்கென்று ஒரே இடம் இருப்பது இந்த முறையின் இன்னொரு வசதி.

மாற்றிய பிறகு நான்கு மாதம் பட்டறையிலிருந்து போன் இல்லை. சொந்தக்காரப் புரோகிராம் ஃபிளாக்கும் எடுக்கிறது, டிஐஓசிஈஎக்ஸ்சிஎல்லும் போடுகிறது, வேறு யாரும் திறக்கவே முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து புதிய மீட்டர் ஒன்றைச் சேர்ப்பதற்காக ஒரு சின்னச் சோதனைப் புரோகிராமை ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் சுவரைக் காட்டினார். ஃப்ரீக்வென்சி 229.8.

பழக்கதோஷம், கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டிருந்தேன்.